கிட்டாரில் மைனர் ஸ்லாஷ் கார்ட்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாட்டுத் தாளில் ஏ மைனர், எஃப், ஜி என்று கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள், ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று நடுவில் 'ஏ மைனர்/ஜி' என்று சாய்கோடு போட்டு ஒன்று வந்து நிற்கும். அதுதான் ஸ்லாஷ் கார்ட். நிறையப் பேர் அந்த இடத்தில் வெறும் ஏ மைனரையே அடித்துவிட்டு, 'இதுவும் சேரத்தானே செய்கிறது' என்று அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். சேரும்தான். ஆனால் பாட்டு அந்த இடத்தில் ஒரு படி கீழே இறங்குகிறது. கிட்டார் மட்டும் இறங்காமல் நிற்கிறது.

இதைக் கற்றுக்கொள்ள நான் பட்ட பாடு அதிகம். எந்த விரலை எங்கே வைப்பது என்று காட்டும் வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. வைத்த பிறகும் ஏன் பாட்டில் கேட்பதுபோல வரவில்லை என்றுதான் யாரும் சொல்லித் தருவதில்லை. விஷயம் இதுதான்: ஸ்லாஷ் கார்டில் இடது கையின் வேலை ஒரு விரல் அளவுதான். மீதி வேலை வலது கையிலும், எந்தக் கம்பி ஒலிக்கக் கூடாது என்பதிலும் இருக்கிறது. கடலூரிலோ புதுச்சேரியிலோ சர்ச் கொயரிலும் கல்லூரி பேண்டிலும் இப்போதுதான் கிட்டார் எடுத்திருக்கும் தம்பி தங்கைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். ஏ மைனர், ஈ மைனர், டி மைனர் மூன்றையும் தாளம் தப்பாமல் மாற்ற வந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

கீழே கார்டுகளை எண்களில் எழுதியிருக்கிறேன். தடித்த ஆறாவது கம்பியில் தொடங்கி மெல்லிய முதல் கம்பி வரை இடமிருந்து வலமாகப் படியுங்கள். எண் என்பது ஃப்ரெட், அதாவது கழுத்தில் குறுக்கே ஓடும் உலோகக் கோடுகளால் பிரிந்த கட்டம். 0 என்றால் திறந்த கம்பி. × என்றால் அந்தக் கம்பி ஒலிக்கவே கூடாது. உதாரணமாக ஏ மைனர்: × 0 2 2 1 0.

1. முதலில் சாய்கோட்டைச் சரியாகப் படியுங்கள்

சாய்கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது கார்ட். வலப்பக்கம் இருப்பது ஒற்றை ஸ்வரம். அதுதான் அடியில், எல்லாவற்றுக்கும் கீழே ஒலிக்க வேண்டிய பேஸ். ஏ மைனர்/ஜி என்றால் மேலே ஏ மைனர், அடியில் ஜி.

இங்கே இரண்டு பள்ளங்கள் உண்டு. முதலாவது, 'ஏ மைனர் அல்லது ஜி, எது வேண்டுமானாலும் வாசிக்கலாம்' என்று எடுத்துக்கொள்வது. அப்படி இல்லவே இல்லை. ஜி மேஜரில் ஜி, பி, டி இருக்கின்றன. ஏ மைனரில் ஏ, சி, ஈ. இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஸ்வரம்கூடக் கிடையாது.

இரண்டாவது, கையால் எழுதிய தாள். கொயர்களில் கை மாறிக் கை மாறி, ஜெராக்ஸுக்கு மேல் ஜெராக்ஸ் எடுத்து வரும் தாள்களில், ஒரே பாரில் (ஒரு தாளச் சுற்றில்) இரண்டு கார்ட் வருவதைக் காட்டவும் சிலர் சாய்கோடு போட்டுவிடுகிறார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்லாஷ் கார்டின் வலப்பக்கத்தில் வெறும் ஸ்வரப் பெயர்தான் வரும். அங்கே 'மைனர்' என்றோ 7 என்றோ ஒட்டியிருந்தால் அது இரண்டு தனிக் கார்டுகள். ஒட்டு எதுவும் இல்லாமல் சந்தேகம் வந்தால், பாட்டை அந்த வரியில் பாடிக்கொண்டே இரண்டு விதமாகவும் வாசித்துப் பாருங்கள். ஜி மேஜர் அந்த மெட்டோடு உரசினால் தாளில் இருப்பது ஸ்லாஷ் கார்ட்தான்.

ஸ்வரம் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் எளிது. ஏ-யை ஷட்ஜமாக வையுங்கள். ஏ மைனர் என்பது ச, சாதாரண காந்தாரம், பஞ்சமம். அடியில் சி வந்தால் காந்தாரம் அடியில். ஈ வந்தால் பஞ்சமம் அடியில். இவை கார்டுக்குள்ளேயே இருக்கும் ஸ்வரங்கள், அதனால் சத்தம் மிருதுவாக மாறும். ஜி வந்தால் கைசிகி நிஷாதம் அடியில். அது கார்டுக்கு வெளியே இருந்து வருவது. 'அடுத்து எங்கே?' என்று காதைக் கீழே இழுக்கும் உணர்ச்சி அதிலிருந்துதான் வருகிறது.

2. கிட்டாரைத் தயார் செய்யுங்கள்: செலவும் ரசீதும்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஸ்லாஷ் கார்டின் உயிர் ஆறாவது, ஐந்தாவது கம்பிகளில் இருக்கிறது. நம் ஊர்க் கடல் காற்றில் முதலில் சாவதும் அவைதான். தடித்த கம்பிகளின் மேல் வெண்கலச் சுருள் சுற்றியிருக்கும். உப்புக் காற்றின் ஈரமும் விரல் வியர்வையும் அந்தச் சுருளின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். கம்பி அறாது, ஸ்ருதியும் நிற்கும். ஆனால் சத்தம் மொத்தையாகிவிடும். அப்படிப்பட்ட கம்பியில் நீங்கள் ஜி-யைச் சுத்தமாக அழுத்தி வாசித்தாலும் அடியில் 'தொப்' என்றுதான் கேட்கும். விரலில் குறை என்று நினைத்து வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவீர்கள். குறை கம்பியில் இருக்கும்.

சோதிப்பது சுலபம். ஆறாவது கம்பியைத் திறந்தபடி மீட்டி, எவ்வளவு நேரம் நின்று ஒலிக்கிறது என்று கேளுங்கள். புதுக் கம்பி மணிபோல நீண்டு ஒலிக்கும். சட்டென்று அடங்கினாலோ, கம்பியின் நிறம் கறுத்துப் பச்சை பூத்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். தேவனாம்பட்டினம், பாண்டியில் கடற்கரைச் சாலைக்கு அருகிலுள்ள தெருக்கள் என்று கடலை ஒட்டி இருப்பவர்களும், தினமும் வாசிப்பவர்களும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

நல்ல அகூஸ்டிக் கம்பி செட் ஒன்று சுமார் ரூ.500 முதல் 800 வரை ஆகும். மேலே பூச்சு கொடுத்த கம்பி ஆயிரத்தைத் தாண்டும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அந்த அதிகப்படிப் பணம் வீணில்லை. பூச்சுள்ள கம்பி பல மடங்கு நாள் தாங்கும். தடிமனைக் கேட்டு வாங்குங்கள். முதல் கம்பி 0.012 அங்குலம் உள்ளது லைட், 0.010 உள்ளது எக்ஸ்ட்ரா லைட். விரல் பழகாதவர்கள் நடுவில் இருக்கும் 0.011 வாங்கலாம். எக்ஸ்ட்ரா லைட்டில் அழுத்துவது சுலபம், ஆனால் பேஸ் மெலிந்துவிடும். நமக்கு வேண்டியதே பேஸ். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கம் சேர்த்துத் துடைத்து வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழைக்காலத்தில், சுவரில் சாய்த்து வைக்காமல் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

அடுத்தது கம்பியின் உயரம். சாதாரண ஸ்டீல் ஸ்கேலைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் நிறுத்தி, ஆறாவது கம்பியின் அடிப்பக்கம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 2.5 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. 3 மில்லிமீட்டரைத் தாண்டினால், கம்பி உயரத்தைச் சரிசெய்யும் 'செட்டப்' வேலைக்குக் கொடுங்கள். ஈரக் காற்றில் மரம் உப்பி, வாங்கும்போது சரியாக இருந்த உயரம் பிறகு ஏறிவிடுவதும் உண்டு. கடலூரிலிருந்து பாண்டிக்கு எடுத்துப் போகிறீர்கள் என்றால் தூரம் 25 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் பஸ்ஸில் கூட்ட நேரத்தில் மெல்லிய துணி உறையோடு ஏறாதீர்கள்; கிட்டாரின் தலைப்பகுதி கம்பத்தில் இடித்தால் டியூனிங் கீ வளைந்துவிடும். கம்பிகளை ஒரு சுற்று தளர்த்திவிட்டு எடுத்துப் போங்கள்.

செட்டப்புக்குக் கொடுக்கும் முன் கூலி எவ்வளவு, அதில் புதுக் கம்பியும் சேர்த்தியா, என்றைக்குக் கிடைக்கும் என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். கிட்டார் புதிது என்றால் வாரண்டி கார்டை முதலில் படியுங்கள். கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டையோ, உடல் பகுதியில் தாங்கும் பிரிட்ஜையோ வெளியாள் தேய்த்தால் வாரண்டி போய்விடலாம். வாங்கிய ரசீதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கடையில் தரும் பளபளத் தாள் ரசீது சில மாதத்தில் வெளுத்துப் போகும்.

ஸ்ருதி பார்க்கும் டியூனருக்குத் தனியாகக் காசு வேண்டாம், போனில் இலவசமாகவே கிடைக்கிறது.

3. புது விரல் எதுவும் தேவைப்படாத இரண்டிலிருந்து தொடங்குங்கள்

ஈ மைனர்/பி: × 2 2 0 0 0
ஏ மைனர்/ஈ: 0 0 2 2 1 0

முதலாவது நீங்கள் ஏற்கெனவே வாசிக்கும் ஈ மைனர்தான். ஆறாவது கம்பியை மட்டும் தொடாமல் ஐந்தாவதிலிருந்து வாசிக்க வேண்டும். இரண்டாவது ஏ மைனர். திறந்த ஆறாவது கம்பியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இடது கை எதுவும் செய்யவில்லை, அதனால் முழுக் கவனமும் வலது கைக்குப் போகும். அதற்காகத்தான் இங்கே தொடங்கச் சொல்கிறேன்.

பயிற்சி இப்படி. நான்கு எண்ணிக்கையில் ஒன்றாம் எண்ணுக்குப் பேஸ் கம்பியை மட்டும் மீட்டுங்கள். இரண்டு, மூன்று, நான்காம் எண்களுக்கு மேல் நான்கு கம்பிகளை, அதாவது ஸ்ருதியில் மேலே இருக்கும் நான்காவது முதல் முதலாவது வரையிலான மெல்லிய கம்பிகளை மட்டும் கீழ்நோக்கி அடியுங்கள். சீராகத் தட்டித் தாளம் காட்டும் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60-ல் இருக்கட்டும். பேஸ் தனியாக விழ வேண்டும். அது நின்று ஒலிக்கும்போதே மேல் கம்பிகள் வந்து சேர வேண்டும். ஆறு கம்பியையும் ஒரே வீச்சில் வாரி அடித்தால் எது அடியில் இருக்கிறது என்று காதுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அது ஸ்லாஷ் கார்டாக இருந்தும் பயனில்லை.

4. ஏ மைனர்/ஜி: மூன்று வழிகள், ஒரு பெரிய பொறி

தாள்களில் அதிகம் வரும் மைனர் ஸ்லாஷ் கார்ட் இதுதான். அதனால் இங்கே நிறையவே நிற்கப்போகிறேன்.

முதல் வழி: 3 0 2 0 1 0. ஏ மைனரில் மூன்றாவது கம்பியில் இருக்கும் மோதிர விரலை அப்படியே எடுத்து ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டுக்குக் கொண்டு போங்கள். நடுவிரலும் ஆட்காட்டி விரலும் இருந்த இடத்திலேயே இருக்கும். நகர்வது ஒரே விரல் என்பதால் புதியவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆனால் பொறி இங்கேதான் இருக்கிறது. மோதிர விரல் ஆறாவது கம்பியை அழுத்தும்போது அதன் நுனிச் சதை ஐந்தாவது கம்பியில் பட்டு அதை அடக்கிவிடும். அப்போது மீதி ஒலிப்பவை ஜி, ஈ, ஜி, சி, ஈ. ஏ என்ற ஸ்வரமே காணாமல் போய்விட்டது. நீங்கள் வாசிப்பது ஏ மைனர் இல்லை, சி மேஜர்/ஜி. சோகமாக இறங்க வேண்டிய இடம் திடீரென்று வெளிச்சமாகிவிடும். 'விரல் சரியான இடத்தில்தானே இருக்கிறது, ஏன் மைனர் மாதிரியே இல்லை?' என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். இந்த வழியில் ஐந்தாவது கம்பி கட்டாயம் ஒலிக்க வேண்டும். மோதிர விரலின் முதல் கணுவை நன்றாக மடக்கி, நுனி செங்குத்தாக விழும்படி வையுங்கள். பிறகு ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக மெதுவாக மீட்டி, ஐந்தாவது உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது வழி: 3 × 2 2 1 0. ஏ மைனர் முழுவதும் அப்படியே இருக்க, சுண்டு விரலை நீட்டி ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வைப்பது. இங்கே கதை தலைகீழ். ஏ ஏற்கெனவே மூன்றாவது கம்பியில் ஒலிக்கிறது. அதனால் ஐந்தாவது கம்பி அடங்க வேண்டும். அடங்காமல் ஒலித்தால் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அடியில் ஜி-யும் ஏ-யும் ஒரு முழு ஸ்வர இடைவெளியில் நெருக்கிக்கொண்டு நிற்பதால் சத்தம் கலங்கிவிடும். சுண்டு விரலைக் கொஞ்சம் சாய்த்து, அதன் சதை ஐந்தாவது கம்பியை லேசாகத் தொடும்படி விடுங்கள். முதல் வழியில் எதைத் தவிர்க்கச் சொன்னேனோ அதையே இங்கே வேண்டுமென்று செய்கிறீர்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சுண்டு விரல் எட்டவில்லை என்றால் மணிக்கட்டைப் பாருங்கள். உள்ளங்கை கிட்டாரின் கழுத்தோடு ஒட்டியிருந்தால் எட்டாது. கட்டை விரலைக் கழுத்தின் பின்பக்கம் நடுவுக்கு இறக்கி, மணிக்கட்டைச் சற்று முன்னே தள்ளுங்கள். நீட்டி அழுத்தும்போது சுண்டு விரல் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும். இழுத்தால் ஸ்ருதி ஏறிவிடும். டியூனரைத் திறந்து வைத்துக்கொண்டு, கார்ட் முழுவதையும் பிடித்தபடி ஆறாவது கம்பியை மட்டும் மீட்டுங்கள். ஊசி ஜி-யின் நடுவில் நிற்க வேண்டும்.

மூன்றாவது வழியும் இதே 3 × 2 2 1 0 தான்; கட்டை விரலைக் கழுத்தின் மேலே வளைத்துக் கொண்டுவந்து ஆறாவது கம்பியை அழுத்துவது. கை பெரியவர்களுக்கு இது சுகம். ஐந்தாவது கம்பியைக் கட்டை விரல் நுனியே அடக்கிவிடும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் வைத்திருப்பவர்கள் இதை முயற்சி செய்து கையை வருத்திக்கொள்ள வேண்டாம். ஸ்டீல் கம்பி கிட்டாரின் கழுத்து மேல்முனையில் சுமார் 43 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும். கிளாசிக்கல் கிட்டாரில் 50-ஐத் தாண்டும்.

எதுவுமே வரவில்லை, நாளைக்கே வாசிக்க வேண்டும் என்ற நிலைமையா? × × 5 5 5 5. ஐந்தாவது ஃப்ரெட்டில் மேல் நான்கு கம்பிகளையும் ஒரே விரலால் அழுத்துங்கள். ஜி, சி, ஈ, ஏ என்ற நான்கும் இருக்கின்றன, ஜி அடியிலும் இருக்கிறது. பேஸ் மெலிவாகக் கேட்கும், அவசரத்துக்குப் போதும்.

5. இறங்கும் வரிசையில் வைத்துப் பழகுங்கள்

ஏ மைனர்/ஜி-யைத் தனியாக எடுத்து ஆயிரம் தடவை அடித்தாலும் கையில் நிற்காது. அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதோடு பழக வேண்டும். மைனர் ஸ்லாஷ் கார்டுகள் பெரும்பாலும் பேஸ் படிப்படியாக இறங்கும் இடத்தில்தான் வரும். தமிழ்த் திரையிசையில் சோகமான, ஏக்கமான மெட்டுகளுக்கு அடியில் இந்த இறக்கம் நிறையக் கேட்கும்.

ஏ மைனர்: × 0 2 2 1 0
ஏ மைனர்/ஜி: 3 × 2 2 1 0
ஏ மைனர்/எஃப் ஷார்ப்: 2 × 2 2 1 0
ஏ மைனர்/எஃப்: 1 × 2 2 1 0
ஈ செவன்: 0 2 0 1 0 0

மேலே நான்கு கம்பிகளும் நான்கு பாருக்கு மாறவே இல்லை, கவனித்தீர்களா? அடியில் மட்டும் ச, நி, த, த, ப என்று இறங்குகிறது. முதலில் வருவது சதுஸ்ருதி தைவதம், அடுத்தது சுத்த தைவதம். கைக்கு வருவதற்கு முன் இந்த ஐந்து ஸ்வரத்தை வாயால் பாடிவிடுங்கள். பாட வந்தவர்களுக்கு விரல் சீக்கிரம் வருகிறது என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

எஃப் ஷார்ப்புக்குக் கட்டை விரல் வராதவர்கள் இப்படிப் பிடிக்கலாம்: ஆறாவது கம்பியில் நடுவிரல், நான்காவதில் மோதிர விரல், மூன்றாவதில் சுண்டு விரல், இரண்டாவது கம்பியின் முதல் ஃப்ரெட்டில் ஆட்காட்டி விரல். எஃப்-க்கு × × 3 2 1 0 என்ற சுலபமான வடிவம் இருக்கிறது. ஆனால் அதில் எஃப் ஒரு ஸ்தாயி மேலே போய்விடுவதால், இறங்கிவந்த பேஸ் திடீரென்று மேலே குதிக்கும். தனியாக வாசிக்கும்போது அது நன்றாகவே தெரியும். பேஸ் வாசிக்க வேறொருவர் இருந்தால் பரவாயில்லை.

பெயர்களில் ஏமாற வேண்டாம். ஏ மைனர்/எஃப் ஷார்ப்பைச் சில தாள்களில் எஃப் ஷார்ப் மைனர் செவன் ஃப்ளாட் ஃபைவ் என்று எழுதியிருப்பார்கள். ஏ மைனர்/எஃப் என்பது எஃப் மேஜர் செவன். வடிவம் ஒன்றேதான். ஆனால் டி/எஃப் ஷார்ப் வேறு. அதே இடத்தில் அதுவும் அடிக்கடி வரும், அடியில் அதே எஃப் ஷார்ப்தான், ஆனால் மேலே டி மேஜர். மெட்டு அந்த இடத்தில் சி-யில் நின்றால் ஏ மைனர்/எஃப் ஷார்ப் சேரும். டி-யில் நின்றால் டி/எஃப் ஷார்ப்.

6. ஈ மைனரிலும் டி மைனரிலும்

ஈ மைனர் வரிசை விரலுக்கு மிகவும் இதமானது.

ஈ மைனர்: × × 2 0 0 0
ஈ மைனர்/டி: × × 0 0 0 0
ஈ மைனர்/சி ஷார்ப்: × 4 2 0 0 0
ஈ மைனர்/சி: × 3 2 0 0 0
பி செவன்: × 2 1 2 0 2

தொடக்கத்தில் ஆறு கம்பியும் அடிக்கும் வழக்கமான ஈ மைனரைப் போடாதீர்கள். போட்டால் பேஸ் ஆறாவது கம்பியின் ஈ-யிலிருந்து நான்காவது கம்பியின் டி-க்கு மேலே ஏறும். நான்காவது கம்பியின் ஈ-யிலிருந்து தொடங்கினால்தான் முழுவதும் இறக்கமாக வரும். இரண்டாவது வடிவத்தில் இடது கைக்கு வேலையே இல்லை. அந்த ஒரு பாரில், அடுத்து நான்காவது ஃப்ரெட்டுக்குப் போக வேண்டிய விரலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

டி மைனர் கொஞ்சம் கடினம். டி மைனர்/சி: × 3 0 2 3 1. ஐந்தாவது கம்பியில் மோதிர விரல், மூன்றாவதில் நடுவிரல், இரண்டாவதில் சுண்டு விரல், முதல் கம்பியில் ஆட்காட்டி விரல். வழக்கமாக டி மைனரை மோதிர விரலால் பிடிப்பவர்கள், இந்த வரிசை வரும் பாட்டில் டி மைனரையே முதலிலிருந்து சுண்டு விரலால் பிடித்துவிடுங்கள். அப்போது மோதிர விரல் காலியாக இருக்கும், சி-யில் போய் உட்கார்ந்தால் போதும். அடியில் எஃப் கேட்டால், அதாவது டி மைனர்/எஃப் வந்தால், × × 3 2 3 1.

ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் பி மைனரின் பார் கார்டைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு ஒரு நல்ல சேதி: பி மைனர்/ஏ அதைவிடச் சுலபம். × 0 4 4 3 2. ஐந்தாவது கம்பி திறந்தே இருக்கும், பார் போட வேண்டாம்.

7. எவ்வளவு நாள் ஆகும்

மூன்று மைனர் கார்டுகளும் ஏற்கெனவே கைவசம் இருந்து, தினமும் இருபது நிமிடம் உட்கார்ந்தால், மூன்றாவது படிக்கு ஒரு வாரமும் ஏ மைனர்/ஜி-க்கு இரண்டு மூன்று வாரமும் ஒதுக்குங்கள். இறங்கும் வரிசை ஒரு பாட்டின் வேகத்தில் வர இன்னும் ஒரு மாதம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டு மற்ற நாளில் தொடாமல் விடுவதில் பலனில்லை. விரல் நுனி காய்ப்பதற்கே தினசரிப் பழக்கம் வேண்டும். சுண்டு விரலோ மணிக்கட்டோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். நுனியில் எரிச்சல் வருவது சாதாரணம், மூட்டில் வலி வருவது சாதாரணமில்லை.

ஒரு தேதியைக் குறிவைப்பது உதவும். ஜூன் 21 உலக இசை நாள். பிரான்சில் 1982-ல் தொடங்கிய அந்த நாளைப் பாண்டியிலும் கொண்டாடுகிறார்கள். கொயரில் இருப்பவர்களுக்கு டிசம்பர் இருக்கிறது. ஏப்ரலில் அல்லது அக்டோபரில் ஆரம்பித்தால் நிதானமாக வந்துவிடும். வகுப்பில் சேர்வதாக இருந்தால் மாதக் கட்டணம் எத்தனை வகுப்புக்கு, விடுபட்ட வகுப்பைத் திரும்பத் தருவார்களா, கார்டை மட்டும் சொல்லித் தருவார்களா அல்லது பேஸைக் கேட்கவும் பழக்குவார்களா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வரும் இடத்தில் சேருங்கள்.

8. பாடுபவரின் ஸ்ருதிக்குக் கேப்போ

தாளில் டி மைனர், டி மைனர்/சி என்று இருந்து உங்களுக்கு ஏ மைனர் வடிவங்கள்தான் வரும் என்றால், ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக அழுத்தும் கவ்வி) போட்டு ஏ மைனர், ஏ மைனர்/ஜி என்று வாசியுங்கள். கேட்பது டி மைனராகவே இருக்கும். இரண்டாவது ஃப்ரெட்டில் போட்டால் பி மைனர், பி மைனர்/ஏ. கேப்போவை ஃப்ரெட்டை ஒட்டி நேராக மாட்டுங்கள். தள்ளியோ சாய்த்தோ மாட்டினால் தடித்த கம்பியின் ஸ்ருதி ஏறி, பேஸ் ஸ்வரம்தான் முதலில் கெடும். மாட்டியதும் டியூனரில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

9. குழுவோடு வாசிக்கும்போது

தனியாக வாசிக்கும்போது பேஸ் முழுவதும் உங்கள் பொறுப்பு. குழுவில் அப்படி இல்லை. கீபோர்டு வாசிப்பவரின் இடது கை ஏ-யிலேயே நிற்க, நீங்கள் ஜி-க்கு இறங்கினால், இரண்டும் அடியில் மோதும். கடலூரில் ஒரு கொயர் ஒத்திகையில் இதை நேரில் கேட்டேன். கிட்டார் சரி, கீபோர்டும் சரி, சேர்ந்து கேட்டால் மட்டும் ஏதோ கலங்கியதுபோல இருந்தது. கீபோர்டு அண்ணன் தன் தாளில் வெறும் ஏ மைனர் என்று வைத்திருந்தார். கிட்டார் தாளில் ஏ மைனர்/ஜி. இடது கையை ஜி-க்கு மாற்றியதும் பாடுபவர்களே நிமிர்ந்து பார்த்தார்கள்.

அதனால் ஒத்திகை தொடங்கும் முன் எல்லோருடைய தாளையும் ஒரு முறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேஸ் கிட்டாரோ கீபோர்டின் இடது கையோ இறக்கத்தை வாசிக்கிறது என்றால், நீங்கள் ஆறாவது கம்பியை விட்டுவிட்டு மேல் நான்கு கம்பிகளில் ஏ மைனரை மட்டும் வாசிக்கலாம். மொத்தத்தில் கேட்பது ஏ மைனர்/ஜி ஆகவே இருக்கும். யாரும் வாசிக்கவில்லை என்றால் நீங்கள் இறங்குங்கள். யார் இறங்குகிறார்கள் என்பதை அந்தச் சாய்கோட்டின் பக்கத்திலேயே பென்சிலால் எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த முறை அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுப்பவருக்கும் அது போய்ச் சேரும்.